ரோமாபுரியின் பணமுடை: கி.பி. 33



இச்சொற்பொழிவுக்குரிய அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்து, அசல் குறையாமல் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடைபெற வேண்டுமென்று எழுதி வைத்தார். ஆகையால், வட்டி வாங்கியதற்காக நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்ட மனிதர்களைப் பற்றி நான் இன்று பேச எடுத்துக்கொண்டது சற்றே நன்றி கெட்ட செயலாகத் தோன்றக்கூடும். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லப்போகிறேன் என்பதால் பொறுத்தருள்வீர்களென்று நம்புகிறேன்.

ரோம சாம்ராஜ்யத்தின் முதல் நூற்றாண்டில் ஓர் ஆண்டைப் பொறுக்கியெடுத்துப் பேசு என்றால், நகரம் தீப்பற்றிய 64-ஐயோ, நான்கு பேர் அடுத்தடுத்துச் சிங்காதனம் ஏறிய 69-ஐயோ எடுத்துக்கொள்வதே வழக்கம். கி.பி. 33-இல் அப்படி ஒன்றும் நிகழவில்லை. பெரிய யுத்தமில்லை, சக்கரவர்த்தி மாறவில்லை, கான்சல் என்னும் உயர்பதவியை வகித்த இருவரில் ஒருவனான கால்பா பிற்காலத்தில் அந்த 69-ஆம் ஆண்டின் நால்வரில் முதல்வனாக விளங்கினான் என்பதைத் தவிர, அவனைப் பற்றியும் அவ்வாண்டில் சொல்ல அதிகமில்லை. ஜெருசலேமில் ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டது அதே ஆண்டின் வசந்த காலத்தில் என்று கணிப்போரும், 30-ஆம் ஆண்டில் என்று கணிப்போரும் உண்டு. அவ்வாண்டின் நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லிச் செல்லும் ரோம சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ், அந்த இடத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குப் பட்டவை இரண்டு: ஒன்று பணமுடை, மற்றொன்று படுகொலை. இவ்விரண்டையும் அடுத்தடுத்த அத்தியாயங்களில் அவர் வைத்திருக்கிறார். பொருளாதார நூலோர் முன்னதை மட்டும் வெட்டியெடுத்துப் பாடம் நடத்துகிறார்கள். அரசர்களின் குணதோஷங்களை எழுதுவோர் பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு அப்போதைய சக்கரவர்த்தி திபேரியஸைத் தூற்றுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதும், அந்த வேர் பிராது கொடுப்பதை ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு கூட்டத்தை அரசே பேணி வளர்த்தது என்பதும் என் கருத்து.

அவ்வாண்டில் திபேரியஸுக்கு வயது எழுபத்து மூன்று நிறைந்து எழுபத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. ஏழாண்டுகளுக்கு முன்னரே தலைநகரை விட்டகன்று, காப்ரி தீவின் செங்குத்தான பாறைகளின்மேல் அமைந்த மாளிகைகளில் இருந்துகொண்டு, கடிதங்களின் மூலமாகவே உலகத்தை ஆண்டுவந்தான். அவனுக்குப் பதிலாக ரோமாபுரியில் சர்வாதிகாரியாக விளங்கிய காவற்படைத் தலைவன் செஜானஸ், 31-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி, செனட் சபையில் வாசிக்கப்பட்ட ஒரு நீண்ட கடிதத்தினால் ஒரே நாளில் கவிழ்ந்து மாண்டான். அந்த வீழ்ச்சியை டாசிட்டஸ் எழுதிய பகுதி நமக்குக் கிடைக்காமற் போய்விட்டது. அவருடைய நூலின் முதல் ஆறு புத்தகங்கள் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியின் வாயிலாகவே பிழைத்து, இன்று பிளாரன்ஸ் நகரத்து நூல்நிலையத்தில் இருக்கின்றன; அந்தப் பிரதியிலும் ஐந்தாம் புத்தகத்தின் பெரும்பகுதி இல்லை. நல்லகாலமாக ஆறாம் புத்தகத்தில் 33-ஆம் ஆண்டு முழுமையாகவே இருக்கிறது.

செஜானஸ் மாண்ட பிறகு அவனுடைய நண்பர்கள் என்று பெயர் சூட்டப்பட்டவர்கள்மேல் பிராதுகள் பெருகின. அங்கே அரசாங்க வக்கீல் என்று ஒருவர் கிடையாது. விருப்பமுள்ள எந்தப் பிரஜையும் எவன்மேலும் குற்றஞ்சாட்டலாம். ராஜத்துரோகக் குற்றம் ருஜுவானால், தண்டிக்கப்பட்டவனுடைய சொத்தில் நான்கில் ஒரு பங்கு குற்றஞ்சாட்டியவனைச் சேரும். 24-ஆம் ஆண்டிலேயே, குற்றஞ்சாட்டப்பட்டவன் தீர்ப்புக்கு முன் தற்கொலை செய்துகொண்டால் இந்த வெகுமதி கிடையாது என்று விதிக்கலாமென ஒரு யோசனை செனட் சபையில் எழுந்தபோது, திபேரியஸ் தன் வழக்கத்துக்கு மாறாக வெளிப்படையாகவே அதை எதிர்த்து, பிராதுக்காரர்களே சட்டங்களின் காவலர்கள் என்றும், அவர்களை நீக்குவதைவிடச் சட்டங்களையே ஒழித்துவிடலாம் என்றும் வாதித்தான். அந்தக் காவலர்கள் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு எந்தச் சட்டத்தைத் தேடிப்பிடித்துக் காவல் காக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் நம் கதை.

உள்நாட்டு யுத்தத்தின்போது, கி.மு. 49-ஐ ஒட்டிய காலத்தில், ரொக்கம் அங்காடியிலிருந்து மறைந்து கடனாளிகள் தத்தளித்த வேளையில், ஜூலியஸ் சீசர் சில ஏற்பாடுகளைச் செய்தான். யுத்தத்துக்கு முந்திய விலைப்படி நிலத்தை மதிப்பிட்டுக் கடனைத் தீர்க்கலாம் என்றும், ஒருவன் செஸ்டர்ஸ் என்னும் ரோம நாணயக் கணக்கில் 60,000-க்கு மேல் தங்கமும் வெள்ளியும் கையில் பதுக்கி வைக்கலாகாது என்றும் அவன் விதித்ததுண்டு. கடன் கொடுப்பதற்கும் இத்தாலிக்குள் நிலபுலன் வைத்திருப்பதற்கும் ஓர் அளவு கற்பித்த சட்டமும் அவன் பெயரால் வழங்கியது. உடைமையில் இவ்வளவு பங்கு நிலமாக இருக்கவேண்டும், மிச்சத்தையே வட்டிக்கு விடலாம் என்பது அதன் தாத்பரியம். சட்டத்தை எவரும் ரத்து செய்யவில்லை, எவரும் அனுஷ்டிக்கவுமில்லை. வட்டியைக் கட்டுப்படுத்த ரோமர் செய்த முயற்சிகளெல்லாம் இக்கதியையே அடைந்தன: பன்னிரண்டு பலகைச் சட்டம் ஓர் உச்சவரம்பு விதித்தது, பிற்பாடு அதைப் பாதியாகக் குறைத்தார்கள், அதன் பிறகு வட்டியே கூடாதென்றார்கள், கடன் கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய உபாயம் கண்டுபிடித்தார்கள். இப்படி எண்பது ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த சட்டத்தைத்தான், ராஜத்துரோக வழக்குகளில் கைதேர்ந்திருந்த பிராதுக்காரர்கள் 33-இல் தட்டி எழுப்பினார்கள். ராஜத்துரோகத்துக்குச் சாட்சி தேடவேண்டும், அடிமையைச் சித்திரவதை செய்யவேண்டும், விருந்தில் பேசிய பேச்சைத் திரிக்கவேண்டும். வட்டிக் குற்றத்துக்கோ, பற்று வரவுக் கணக்கே சாட்சி.

வழக்குகள் கிராக்கஸ் என்ற பிரேட்டரின், அதாவது நீதி அதிகாரியின், நியாயஸ்தலத்துக்கு வந்தன. பிரதிவாதிகளின் எண்ணிக்கையைக் கண்டு மலைத்துப்போன அந்த அதிகாரி, விஷயத்தைச் செனட் சபைக்கு அனுப்பினான். அங்கே நடந்ததை எண்ணிப் பார்க்கச் சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. தீர்ப்புச் சொல்லவேண்டிய சுமார் அறுநூறு பேரில் இந்தக் குற்றத்திலிருந்து தப்பியவர் ஒருவருமில்லை என்கிறார் டாசிட்டஸ். நீதிபதிகளெல்லாம் குற்றவாளிகளாகவும் குற்றவாளிகளெல்லாம் நீதிபதிகளாகவும் வீற்றிருந்த அச்சபை, நடுங்கிப்போய்க் காப்ரிக்கு விண்ணப்பம் அனுப்பி மன்னிப்புக் கோரியது. திபேரியஸ் கொலைத் தண்டனையை அள்ளி வீசிக்கொண்டிருந்த காலந்தான் எனினும், இதில் நிதானமாகவே நடந்துகொண்டான். ஓராண்டு ஆறு மாதம் தவணை கொடுத்து, அதற்குள் ஒவ்வொருவரும் தம் குடும்பக் கணக்கைச் சட்டத்துக்கு இணங்கச் சீர்படுத்திக்கொள்ளும்படி உத்தரவிட்டான்.

பார்வைக்கு இதைவிடத் தயவான உத்தரவு இருக்கமுடியாது. ஆயினும் ரோமாபுரியைக் கவிழ்த்தது இந்தத் தயவுதான். கணக்கைச் சீர்படுத்துவதென்றால் கொடுத்த கடனைத் திரும்ப வாங்கவேண்டும். எல்லாரும் ஒரே காலத்தில் திரும்பக் கேட்டால் கொடுப்பதற்கு எவனிடத்திலும் ரொக்கம் இராது. இக்கஷ்டத்தை முன்னுணர்ந்த செனட் சபை, கடன் கொடுத்தோர் தம் முதலில் மூன்றில் இரண்டு பங்கை இத்தாலிய நிலத்தில் போடவேண்டுமென்றும், கடன் வாங்கியோர் கடனில் மூன்றில் இரண்டு பங்கை உடனே செலுத்தினால் போதுமென்றும் தீர்மானித்தது. கடன்பட்டவன் நிலத்தை விற்பான், கடன் கொடுத்தவன் அதை வாங்குவான், பணம் சுற்றிவரும், விலையும் நிற்கும் என்பது அவர்களுடைய எண்ணம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் குற்றமற்ற யோசனையே. ஆனால் கடன் கொடுத்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கைக் கேட்கவில்லை, முழுவதையும் கேட்டார்கள். கேட்ட இடத்தில் இல்லையென்று சொல்வது தன் மதிப்புக்கு இழுக்கு என்பதால் கடன்பட்டவனும் மறுக்கக் கூசினான். முதலில் வீடு வீடாக ஓடிக் கெஞ்சினார்கள்; பிறகு பிரேட்டரின் நியாயஸ்தலம் கூச்சலால் நிறைந்தது. நிலங்கள் விலைக்கு வந்தன; வந்தவுடனே வாங்கவேண்டியவர்கள் வாங்கவில்லை. இன்று வாங்குவதைவிட அடுத்த மாதம் வாங்கினால் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று கண்டுகொண்டு, வசூலான ரொக்கத்தையெல்லாம் பெட்டியில் பூட்டிவைத்துக் காத்திருந்தார்கள். தவணையைப் பதினெட்டு மாதமாக நீட்டியது காத்திருப்பதற்கு வசதியாகவே போயிற்று.

இதன் விளைவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். செனட்டர் என்ற அந்தஸ்துக்கு அகஸ்டஸ் விதித்த சொத்து மதிப்பு 10 லட்சம் செஸ்டர்ஸ். அதற்கடுத்த குதிரைவீரர் வகுப்புக்கு 4 லட்சம். ஒருவனுக்கு 15 லட்சம் பெறுமான நிலமும் 4 லட்சம் கடனும் உண்டென்று வைத்துக்கொள்வோம். கடன் போக 11 லட்சத்துக்கு உடையவனாகிய அவன் செனட்டர்தான். நிலத்தின் விலை பாதியாக விழுந்துவிடட்டும்: ஏழரை லட்சத்துக்கு எல்லாவற்றையும் விற்று, 4 லட்சம் கடனைத் தீர்த்தால், மிச்சம் மூன்றரை லட்சம். செனட்டர் பதவி போனதோடு குதிரைவீரர் வகுப்பிலும் இடமில்லை. அவன் ஒரு காசும் ஊதாரித்தனமாகச் செலவிடவில்லை, ஒரு வேலி நிலமும் தரிசாகிவிடவில்லை. சொத்து அழிந்தபோது பதவியும் கீர்த்தியும் அதோடு சரிந்தன என்று டாசிட்டஸ் சொல்வதில் மிகையொன்றும் இல்லை.

இந்த முடைக்கு இரண்டாவதான காரணம் ஒன்றையும் அவரே குறிப்பிடுகிறார். நூலோர் பலரும் அதை வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். அவ்வளவு பேர் தண்டிக்கப்பட்டு, அவர்களுடைய சொத்துகள் ஏலத்தில் விற்கப்பட்டபடியால், முத்திரையிட்ட வெள்ளிப் பணமெல்லாம் அரசாங்கப் பொக்கிஷத்தில் அடைபட்டுக் கிடந்தது என்பதே அது. ஆக, பிராதுக்காரன் ஒரு கையால் ராஜத்துரோக வழக்குப் போட்டு ரொக்கத்தைப் பொக்கிஷத்துக்குள் தள்ளினான். மற்றொரு கையால் வட்டி வழக்குப் போட்டு மிச்சமிருந்த ரொக்கத்தைப் பெட்டிகளுக்குள் துரத்தினான். நாளைக்கு எவன் பெயர் பிராதில் ஏறுமென்று தெரியாத ஊரில், எவன்தான் தன் பணத்தை வெளியே உலவவிடுவான்?

கடைசியில் திபேரியஸ் 10 கோடி செஸ்டர்ஸை லேவாதேவிச் சாலைகளின் வழியாகக் கடனுக்கு விட்டான். மூன்றாண்டுக்கு வட்டியில்லை, வாங்கும் தொகைக்கு இருமடங்கு மதிப்புள்ள நிலத்தை ஈடாகக் காட்டவேண்டும். ஒரு காலாட் சிப்பாய்க்கு ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் என்ற கணக்கில், இத்தொகை ஒரு லட்சத்துப் பதினோராயிரம் சிப்பாய்களின் ஓராண்டுச் சம்பளம். நம்பிக்கை திரும்பியது, சிறிது சிறிதாகத் தனவந்தர்களும் மறுபடி கடன் கொடுக்க முன்வந்தார்கள். அரசாங்கம் அங்காடிக்குள் பணத்தைப் பாய்ச்சி நெருக்கடியைத் தீர்த்ததற்கு இவ்வளவு பழமையான, இவ்வளவு விவரமான உதாரணம் அபூர்வம் என்று பொருளாதார வல்லுநர்கள் மெச்சுகிறார்கள். நானும் மெச்சுகிறேன், ஆயினும் இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டியிருக்கிறது. இருமடங்கு ஈடு காட்டக்கூடியவன் ஏற்கெனவே கரையேறக்கூடிய நிலையில் இருந்தவன். கழுத்தளவு கடனில் நின்ற சிறிய நிலக்காரனுக்கு இதில் ஒன்றும் கிடைத்திராது. மேலும், பொக்கிஷத்தில் குவிந்திருந்தது யாருடைய பணம் என்று கேட்டால், கழுத்து நெரிக்கப்பட்டவர்களின் சொத்தும் அதில் ஒரு பகுதி; உயிரோடிருந்தவர்கள் தங்கள் நிலத்தை அடகு வைத்து, மாண்டவர்களின் பணத்தைக் கடனாகப் பெற்றார்கள்.

கீழ்நாடுகளுடன் நடந்த வாணிபமே ரோமாபுரியின் வெள்ளியை உறிஞ்சி இந்த முடையை விளைவித்தது என்று சொல்லும் ஆராய்ச்சியாளரும் உண்டு. நமக்கு இதைக் கேட்க உள்ளூர ஒரு பெருமை தோன்றுவது இயற்கை. ஏனெனில் கோயமுத்தூர், கரூர்ப் பக்கங்களில் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட ரோம வெள்ளிக் காசுகளில், ஒருபுறம் திபேரியஸின் தலையும் மறுபுறம் வீற்றிருக்கும் ஒரு மாதின் உருவமும் பொறித்தவை ஏராளம். மாதர் அணியும் மணிகளுக்காக நம் செல்வம் அந்நிய ஜாதியாரிடம் போகிறதென்று திபேரியஸே 22-ஆம் ஆண்டில் செனட் சபைக்கு எழுதியதுண்டு; பிற்காலத்து ரோம நூலாசிரியர் பிளினி, இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போவதாகக் கணக்குக் காட்டி அங்கலாய்த்ததும் உண்டு. ஆனாலும் இவ்வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வாணிபத்தால் வெளியேறும் வெள்ளி ஆண்டுக்காண்டு கசிந்து போவது. சில மாதங்களுக்குள் ஒரு நகரத்தின் அங்காடியை வற்றச்செய்வது அதனால் ஆகாது. அன்றியும் 64-ஆம் ஆண்டில் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் மாற்றையும் குறைத்த பிறகு, பழைய காசையே வியாபாரிகள் விரும்பி அனுப்பினார்கள் என்று கருத இடமிருப்பதால், நம்மூர்ப் பானைகளில் கிடக்கும் திபேரியஸ் காசுகள் 33-க்கு முன்னமே கப்பலேறியவை என்று எண்ணவும் இயலாது. கீழ்நாட்டிலிருந்து வந்த மிளகின்மேல் பழி போடுவது எளிது. செனட்டர்களுக்கும் அது அன்றே சௌகரியமாக இருந்திருக்கும்.

பணமுடையை விட்டுப் படுகொலைக்கு வருகிறேன். ஸ்பெயின் தேசத்திலேயே பெருந்தனவந்தனான செக்ஸ்டஸ் மாரியஸ் என்பவன், தன் மகளோடு தகாத உறவு கொண்டான் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, ரோமாபுரியின் கொலைக்களமான தார்ப்பியப் பாறையிலிருந்து தள்ளப்பட்டான். அவனுடைய சுரங்கங்களைச் சட்டப்படி பொதுப் பொக்கிஷத்தில் சேர்க்காமல் திபேரியஸ் தனக்கே வைத்துக்கொண்டான். குற்றம் எது என்பது அதிலிருந்தே விளங்கிற்று. செஜானஸின் கூட்டாளிகள் என்று சிறையில் கிடந்த அனைவரையும் கொல்லும்படி உத்தரவு வந்தது. ஆண் பெண், முதியவர் இளையவர் என்ற பேதமின்றிக் கிடந்த உடல்களின் அருகில் நின்று அழுவதற்குச் சுற்றத்தாருக்கு அனுமதி இல்லை. அழுதவன் முகத்தைக் காவலர்கள் குறித்துக்கொண்டார்கள். திபேரியஸின் சுவீகார புத்திரன் ஜெர்மானிக்கஸின் மகனும், அவ்வழியில் திபேரியஸின் பேரனுமான ட்ரூசஸ், அரண்மனை நிலவறையில் உணவு மறுக்கப்பட்டு, மெத்தைக்குள் அடைத்திருந்த பஞ்சைத் தின்று ஒன்பது நாள் உயிரோடிருந்து மாண்டான். அவன் சாகும் தறுவாயில் பிதற்றியவற்றையும், சாபமிட்டவற்றையும், எந்த அடிமை எந்த நாளில் அடித்தான் என்பதையும் காவலர்கள் நாட்குறிப்பாக எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பைச் செனட் சபையில் உரக்க வாசிக்கும்படி திபேரியஸ் செய்தான். கணக்குப் புத்தகங்களுக்கு அஞ்சிய அதே சபை, இந்தக் கணக்கையும் உட்கார்ந்து கேட்டது. அக்டோபர் 18-ஆம் தேதி, செஜானஸ் மாண்ட அதே நாளில், ட்ரூசஸின் தாய் அக்ரிப்பினா தீவாந்தரத்தில் பட்டினியால் இறந்தாள். இரு மரணங்களும் ஒரே தேதியில் வாய்த்ததற்காக, ஆண்டுதோறும் அந்நாளில் ஜூபிடருக்குக் காணிக்கை செலுத்துவதென்று சபை தீர்மானித்தது.

எல்லாவற்றிலும் என் மனத்தில் அதிகமாகத் தைத்தது காக்கியஸ் நெர்வா என்பவரின் முடிவு. சட்ட சாஸ்திரத்தில் கரைகண்டவர். நகரத்துக் குடிநீர்க் கால்வாய்களின் தலைமை அதிகாரி. திபேரியஸ் ரோமாபுரியைத் துறந்து புறப்பட்டபோது உடன் சென்றவர்களில் கான்சல் பதவி வகித்திருந்த ஒரே செனட்டர். உடலில் நோயில்லை, அரசனுடைய கோபத்துக்கும் ஆளாகவில்லை. திடீரென்று உண்பதை நிறுத்தினார். செய்தி கேட்ட திபேரியஸ் வந்து, அருகில் அமர்ந்து, காரணம் கேட்டான், மன்றாடினான், என் ஆப்த நண்பன் காரணமில்லாமல் உயிரை விட்டான் என்று உலகம் பேசினால் அது என் மனச்சாட்சிக்கும் பெயருக்கும் பெரும் பாரமாகுமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். நெர்வா விடையே கூறாமல் பட்டினி கிடந்து இறந்தார். நாட்டின் கேட்டை அருகிலிருந்து கண்டவர் களங்கமின்றி முடிவை நாடினார் என்பது அவரை அறிந்தவர்கள் சொன்னதாக டாசிட்டஸ் தரும் விளக்கம். பிற்காலச் சரித்திர ஆசிரியர் டயோ காசியஸ் இன்னும் திட்டமாகவே சொல்கிறார்: சீசரின் கடன் சட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்ததனால் நம்பிக்கை குலைந்து பெருங்குழப்பம் விளையும் என்று கண்டே அவர் அவ்வாறு செய்தாராம். பணச்சட்டத்துக்காக ஒருவர் உயிர் விடுவாரா என்று ஐயுறுவோர் உண்டு. சட்டமே தொழிலாயிருந்த ஒருவர், எந்தச் சட்டமும் எவனுடைய கையிலும் கத்தியாகலாம் என்ற நிலையைக் கண்ணெதிரே காணும்போது, அவருக்கு இரண்டு காரணங்களும் ஒன்றாகவே தோன்றியிருக்கும் என்பது என் துணிபு.

நிலம் வாங்கவேண்டுமென்ற செனட் தீர்மானமோ, முதலில் மும்முரமாகத் தொடங்கி, போகப்போக எவரும் கவனியாமலே தேய்ந்துபோயிற்று. வட்டி பழையபடி நடந்தது. 37-ஆம் ஆண்டில் திபேரியஸ் இறந்தபோது பொக்கிஷத்தில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்ததென்று சக்கரவர்த்திகளின் சரிதம் எழுதிய சூட்டோனியஸ் கூறுகிறார். ஊரெல்லாம் பணத்துக்குத் தவித்தபோது அவன் அவிழ்த்துவிட்டது அதில் இருபத்தேழில் ஒரு பங்கு. அடுத்து வந்த கயஸ், அதாவது காலிகுலா, ராஜத்துரோக வழக்குகளை நிறுத்தினான். பிராதுக்காரர்களுக்குச் செவிகொடேன் என்றான். தன் தாய் அக்ரிப்பினாவையும் சகோதரர்களையும் வதைத்த வழக்குகளின் காகிதங்களை ஊர் நடுவே எரித்துவிட்டதாகவும் அறிவித்தான். திபேரியஸ் சேர்த்த செல்வமனைத்தையும் ஓராண்டுக்குள் அவன் செலவழித்துத் தீர்த்தான். 39-ஆம் ஆண்டில் செனட் சபைக்கு வந்து, திபேரியஸைப் புகழ்ந்து பேசி, எரித்துவிட்டேன் என்று சொன்ன அதே காகிதங்களை எடுத்து வாசிக்கச் செய்து, ராஜத்துரோக வழக்குகள் மறுபடி தொடங்கும் என்று அறிவித்தான்.